மிதியா, காலா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. என்னோடு உட்கார்ந்து படித்து, மேலே மேலே போய், கோட்டு மாட்டிக்கொண்டவர்களில் ஒருவனாவது தென்காசித் தெருவில் சொந்தக் காரைச் சொந்தக் கையால் ஓட்டியிருக்கிறானா? நான் ஓட்டினேன். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் டிரைவர் வைத்திருந்தார்கள். பின் சீட்டில் சாய்ந்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு போவார்கள். எனக்கு அது ஒத்துவராது. மாட்டுவண்டி அடித்த காலத்திலேயே கயிறு என் கையில் இல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வேறொருவன் ஓட்ட நான் சும்மா உட்கார்ந்து போவதென்றால் என் கால் தானாகத் தரையை அழுத்தும், கை எதையாவது பிடிக்கப் பார்க்கும்.

வண்டி வந்த கதை சுருக்கமானது. ஒற்றை மாட்டு வண்டியில் தொடங்கியவன் நான். செங்கோட்டைச் சுங்கச்சாவடியைத் தாண்டிப் போகும்போது கருப்பட்டி, வரும்போது தேங்காய் என்று ஏற்றி இறக்கி, வண்டிகளும் மாடுகளும் பெருகி, சரக்கு அடைக்கக் கிட்டங்கி ஒன்று கட்டி, அதன் பிறகு வாங்கியது இந்தக் கார். இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்கள். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பல் ஏறுகிற சமயம் கைமாற்றிவிட்டுப் போன வண்டி. மேலே துணிக்கூடு, காலடியில் மரப்பலகை. ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் என்று யாரும் கிடையாது. துரையின் சமையல்காரர் இது பிரேக்கு, இது கிளச்சு என்று தொட்டுக் காட்டினார். மற்றதெல்லாம் இலஞ்சி ரோட்டில் நானே கண்டுபிடித்தது. அந்த ரோட்டோரப் புளியமரங்கள் என்னைப்பற்றிப் பேசத் தொடங்கினால் நிறையப் பேசும். போகட்டும்.

என் இடது காலைப்பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாலிபத்தில் கடையத்துப் பக்கம் நெல் ஏற்றும்போது மூட்டை சரிந்து முட்டியில் விழுந்தது. ஆறிவிட்டது. ஆனால் குற்றாலத்தில் சாரல் தொடங்கி, அந்த ஈரக்காற்று தென்காசி வரைக்கும் வந்து கோயில் மொட்டைக் கோபுரத்து வாசலில் ஆளைத் தள்ளுகிற மாதங்களில் முட்டி கொஞ்சம் இறுகும். காலையில் மடக்கினால் நீட்ட நேரம் பிடிக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் சம்சாரம் மட்டும் கேட்காமலே கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து கொண்டுவந்து வைப்பாள்.

கிளச்சை அழுத்துவது இடது கால்தான் என்பது கார் ஓட்டாதவர்களுக்குத் தெரியாது. கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மிதியை அடிவரைக்கும் அழுத்தி, மாற்றின பிறகு பையப் பைய விட வேண்டும். பாதியில் கால் வழுக்கினால் வண்டி தவளை மாதிரித் தாவும்.

அந்த வருஷத்துச் சாரலில் மிதி சத்தம் போடத் தொடங்கியது. முதலில் எலிக்குஞ்சு கத்துவது மாதிரி. பிறகு அழுத்தும்போது ஒரு கீச்சு, விடும்போது ஒரு கீச்சு. நாலு தெருவுக்குக் கேட்கும். காப்பிக்கடைக்காரர் என்னைக் கண்டதும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த வட்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணாச்சி பேரன் பொறக்கதுக்கு முன்னாலயே தொட்டில் கட்டி ஆட்டிக்கிட்டு வாராக."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் கிளச்சைத் தொடாமலே போனேன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் மகளைக் கீழப்பாவூரில் கட்டிக் கொடுத்திருந்தேன். அவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். வளைகாப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். கல்யாணத்தன்றைக்கே, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கேட்க, "பேறுகாலத்துக்கு என் மகளை என் காரில், நானே ஓட்டி, வந்து கூட்டிப் போவேன்" என்று சொல்லியிருந்தேன். மாட்டுவண்டியில் போனவன் மகள் அவள். நான் சொன்னால் சொன்னதுதான்.

வளைகாப்புக்கு நாள் நெருங்கின சமயம் என் மச்சினன் லீவில் வந்திருந்தான். சம்சாரத்தின் தம்பி. போலீசில் லாரி ஓட்டுகிறவன். காக்கி உடுப்பைக் கழற்றினாலும் விறைப்பைக் கழற்றத் தெரியாதவன், ஆனால் நல்ல பையன். அவன் அருவியில் குளிக்க வேண்டும் என்றான். மூன்று பேருமாகக் குற்றாலம் போனோம்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்புகிற நேரம் கடைத்தெருவில் சீசன் கூட்டம். ஈரத்துண்டோடு ஆட்கள், நேந்திரங்காய் வறுக்கிற கடைகள், குறுக்கே குதிரைவண்டி. நான் கிளச்சை அழுத்தினேன். மிதி பாதி வரைக்கும் போய், ஒரு கீச்சு போட்டு, அங்கேயே நின்றுகொண்டது. இன்னும் அழுத்தினேன். முட்டிக்குள் ஏதோ சுருக்கென்றது. கால் வழுக்கியது. வண்டி ஒரு தாவு தாவிக் குதிரைவண்டியின் பின்படியை இடித்து நின்றது. இடி பலமில்லை. குதிரைதான் கனைத்தது. வண்டிக்காரர் இறங்கி வந்து, படியைத் தடவிப் பார்த்து, என் காரைப் பார்த்து, "குதிரைக்குக் கடிவாளம் போடலாம், இதுக்கு எதப் போட?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீடு வந்து சேருகிற வரைக்கும் கீச்சு மட்டும் பேசியது. இறங்கின பிறகுதான் மச்சினன் வாயைத் திறந்தான்.

"அத்தான், வண்டியில ஒண்ணும் இல்ல. உங்க காலு."

"என் காலுக்கு என்னலே?"

"கிளச்சுன்னா கொஞ்சம் கட்டியாத்தான் இருக்கும். எங்க லாரி இதவிடக் கட்டி. நீங்க அமுக்குதது பத்தல. முட்டி விட்டுக் குடுக்குது."

"அப்பம் இந்தச் சத்தம் என் முட்டியிலேருந்தா வருது?"

அதற்குச் சம்சாரம்தான் பதில் சொன்னாள். அவள் என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளையக் கூப்பிட நீயே வண்டிய ஓட்டிட்டுப் போ, தம்பி. வயித்துப் பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு இந்தத் தாவு தாவினா என்ன ஆகும்?"

அவ்வளவுதான். அவள் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் என்னைக் கிளப்பியது. தப்பாக இருந்தால் சத்தம் போட்டு முடித்திருப்பேன்.

மறுநாள் முழுக்க நான் வீட்டுக்கும் தொழுவத்துக்குமாக நடந்தேன். தொழுவத்தில்தான் கார் நின்றது, மாடுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு. போய் உட்கார்ந்து மிதியை அழுத்துவேன். கீச்சு. இறங்கி வந்து கயிற்றுக்கட்டிலில் உட்காருவேன். உட்கார முடியாது. மறுபடியும் போவேன். வலது காலால் அழுத்திப் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வலது காலுக்குக் கிளச்சுப் பழக்கமில்லை என்று மச்சினன் சொல்லிவிடுவான். கையால் அழுத்தினேன். கையாலும் கஷ்டம். கைக்கும் பழக்கமில்லை என்பான். கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை ஏதோ கேட்க வந்தார், அவரைப் பிடித்து உட்காரவைத்து அழுத்தச் சொன்னேன். அவர் மிதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "அண்ணாச்சி, எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று இறங்கிப் போனார்.

கடைசியில் சம்சாரத்தைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இங்கன வந்து இதைக் கொஞ்சம் மிதி."

"நானா? நான் மாட்டேன்."

"ஏன்?"

"நான் மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவிக் கும்பிடுத எடத்துல நானே காலை வைக்கவா?"

அது என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. நான் விளக்கெண்ணெய் எடுத்துவரப் போய்விட்டேன். மாட்டுவண்டிக்காரனுக்குச் சத்தம் கேட்டால் முதலில் தோன்றுவது விளக்கெண்ணெய். பலகைச் சந்து வழியாக மிதியின் அடியில் ஒரு கரண்டி விட்டேன். கீச்சு நின்றது. எனக்கு உச்சி குளிர்ந்தது. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்து, அதற்கு முன்னால் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். சுற்றி முடிவதற்குள் கீச்சு திரும்பி வந்தது. அதோடு மிதி முன்னைவிட இறுகிவிட்டது. அரைத்த மாவுக்குள் காலை விட்டு எடுப்பதுபோல இருந்தது. அழுத்தினால் போகும், விட்டால் யோசித்து யோசித்து மேலே வரும்.

மச்சினன் தொழுவத்து வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாரல் விட்டபாடில்லை.

"அத்தான், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"கோவப்படுத மாதிரி சொல்லாத."

"பெடல்லேருந்து பின்னால ஒரு கம்பி போகுதுல்லா, அது முனையில ஒரு பின்னு இருக்கும். அதக் கழத்தி விட்டுட்டுப் பெடலை அமுக்குங்க. அப்பம் உள்ள இருக்க ஸ்பிரிங்கோட பலம் ஒண்ணும் பெடலுக்கு வராது. சும்மா லேசா ஆடணும். ஆடிச்சுன்னா பெடல்ல கொறை இல்ல."

"ஆடலைன்னா?"

"ஆடலைன்னா நான் வாயத் தொறக்கல."

இதே யோசனை எனக்குக் காலையிலேயே வந்ததுதான். சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான். சம்சாரமும் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கையில் அகப்பை.

"ஆடிச்சுன்னா தம்பி ஓட்டுவான். சரிதானா?" என்றாள்.

"சரி."

சொல்லிவிட்டேனே தவிர, நெஞ்சுக்குள் மாடு மிரண்ட மாதிரி இருந்தது. மிதி லேசாக ஆடினாலும் குறை அதற்கும் பின்னால், கியர்ப் பெட்டிக்குள் இருக்கலாம். அதை மச்சினன் சொல்லவில்லை. நான் எடுத்துச் சொன்னால் சாக்குச் சொல்வதாக ஆகிவிடும். எனக்கோ ராத்திரியெல்லாம் ஒரே கேள்வி: மிதியா, காலா? மூட்டை தூக்கின கால், காளையை மிதித்து நிறுத்தின கால், ஒரு சாண் இரும்பை அழுத்த மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் இனிமேல் நான் பின் சீட்டிலா?

சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். வெறும் மேல், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தேன். மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகச் சேற்றுத்தண்ணீர் நெற்றியில் விழுந்தது. கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். மச்சினன் சொன்ன அந்தப் பின்னு அகப்பட்டது. அவனுக்கு அது பின்னு. எனக்கு அது கடையாணி. வண்டிச் சக்கரம் அச்சைவிட்டுக் கழலாமல் இருக்கக் குத்துகிற கடையாணிக்கு இது சித்தப்பன் மகன், அவ்வளவுதான் வித்தியாசம். குறடால் அதன் காதை நிமிர்த்தி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி உருவினேன். கம்பி தொங்கியது. மிதியை மேலே இழுக்கிற சின்ன ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டேன். இனி மிதிக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. அதன் சொந்தத் தண்டு ஒன்றுதான்.

"கழத்திட்டீகளா?" என்று மேலேயிருந்து குரல்.

"கழத்திட்டேன். நீயே அமுக்கு."

"நானா?"

"நீதான். என் கால் பட வேண்டாம், என் கையும் பட வேண்டாம்."

மச்சினன் குடையை மடக்கிவிட்டு உள்ளே ஏறும் சத்தம் கேட்டது. பலகை முனகியது. நான் அடியில் கிடந்தபடியே மிதியின் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீச்சு என்றது. மிதி பாதி கீழே வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. ஸ்பிரிங் இல்லாத மிதி தன் கனத்துக்கே கீழே தொங்கியிருக்க வேண்டும், இது அசையவில்லை. மச்சினன் காலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது, செத்த ஓணான் கால் மாதிரி.

"என்னலே, தொட்டில் ஆடுதா?" என்றேன்.

அவன் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான்.

"ஏலே, உன்னத்தான். என் கால் இங்கன சாக்குல கெடக்கு. பெடல்ல இல்ல. இப்பம் யார் முட்டி விட்டுக் குடுக்குது?"

"சரி அத்தான். மேல வாங்க. வாயத் தொறக்கலன்னு சொன்னேன்ல்லா."

நான் மேலே வரவில்லை. மிதி செத்துக் கிடப்பது தெரிந்துவிட்டது. எதனால் செத்தது என்று தெரியாமல் எனக்கு எப்படி நிம்மதி வரும்? காலடிப் பலகையைக் கழற்றினோம். மிதித்தண்டு ஒரு பித்தளை வளையத்துக்குள் திரும்புகிற மாதிரி அமைப்பு. துரை ஊரில் செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருந்தான். மரக் கொட்டாப்புளியால் அடித்துத் தண்டை வெளியே தள்ள அரைப்பொழுது ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மச்சினன் ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் அடிக்க, ஒரு வழியாகக் கழன்று வந்தது.

துருவாக இருக்கும் என்று நினைத்தேன். துருவும் இருந்தது. ஆனால் தண்டைச் சுற்றிக் கனமாக வேறொன்று பற்றியிருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த காறை. சுண்ணாம்பு பூசினமாதிரி கெட்டி. நடுவில் நான் விட்ட விளக்கெண்ணெயில் குழைந்துபோன பகுதி பசை மாதிரி இழுத்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

மண்ணெண்ணெய் வாடையையும் மீறிக் கோயில் வாடை.

"மாப்ளே, மோந்து பாரு."

அவன் மோந்தான். என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் திரும்பி அவன் அக்காளைப் பார்த்தோம்.

"சந்தனம்லா இது?" என்றான் அவன்.

"சந்தனம்தான்," என்றாள் அவள், ஒளிக்கிற குரலே இல்லாமல். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைக்கேன். குங்குமமும் வைக்கேன். வண்டி வந்த வருசத்து ஆயுத பூசையிலேருந்து வைக்கேன்."

"ஸ்டேரிங்குல வைக்கலாம், வண்டி மூஞ்சியில வைக்கலாம். பெடல்ல எதுக்குட்டி வைக்க?"

"வண்டி எடுக்கும்போது மொதல்ல மிதிக்கது அதத்தானே. லச்சுமிய எடுத்த எடுப்புல காலால மிதிச்சா அடுக்குமா? அதான் கொஞ்சம் மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவி, பொட்டு வச்சிருதேன்."

"பொட்டு மேல வைக்க வேண்டியதுதான. இது அடித்தண்டுலல்லா இருக்கு."

"மேல வச்சா உங்க காலு அழிச்சிரும். அதனால கையைச் சந்துக்குள்ள விட்டு அடியில வப்பேன். நல்லா வழிச்சு வப்பேன்."

மச்சினன் கூரையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கும்போது அவனுக்குக் காது சிவக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். வாரம் தவறாமல் வழித்து வைத்த சந்தனம், கழுவின மஞ்சத்தண்ணீரோடு தண்டில் இறங்கி, பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, காய்ந்து, அடுத்த வெள்ளிக்கிழமை நனைந்து, மறுபடியும் காய்ந்து. சாரல் ஈரம் வேறு. என் முட்டியைக் குற்றம் சொன்னவளுக்கு இதைக்காட்டி நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சந்தனம் வச்சதாலதான் இத்தனை நாளும் ஒண்ணும் ஆகாம ஓடிச்சு. குதிரைவண்டியில இடிச்சும் ஒரு கீறல் இல்ல பாத்தீகளா?"

இதை மறுக்க எஸ்டேட் துரையே வந்தாலும் முடியாது.

மீதி வேலையை நான் அனுபவித்துச் செய்தேன். தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, தேங்காய் நாரால் தேய்த்து, துரு இருந்த இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று ஆக்கினேன். பித்தளை வளையத்துக்குள் துணியைத் திரித்து விட்டு இழுத்தேன், காறையெல்லாம் செதில் செதிலாக வந்தது. அதை அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக்கொண்டு போய்த் துளசிமாடத்தடியில் கொட்டினாள், கால் படாத இடமாக. விளக்கெண்ணெயைத் திரும்பத் தொடவில்லை. சக்கரத்துக்குப் போடுகிற கெட்டிக் கிரீஸை விரலால் எடுத்துத் தண்டு முழுக்கப் பூசினேன். உள்ளே தள்ளினேன், வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போயிற்று. கம்பியை மாட்டி, கடையாணியைக் குத்தி, காதை மடக்கி, ஸ்பிரிங்கைக் கொக்கியில் இழுத்துவிட்டேன். மிதி கொஞ்சம் சும்மா போய் அதன் பிறகு பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு விரல் கடை தூரம். அதை மச்சினன் குனிந்து பார்த்துச் சரி என்றான். அவனும் தொழில் தெரிந்தவன்தான், அதை நான் மறுக்கவில்லை.

அவனே உட்கார்ந்து அழுத்தினான். சத்தம் இல்லை. போனது, வந்தது.

"எங்க லாரியே இப்படி இருக்காது," என்றான்.

நான் ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். போனது, வந்தது. மறுபடியும் அழுத்தினேன். நிறுத்தத் தோன்றவில்லை. ஒரு வாலிபன் மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுத்த அழுத்த, எங்கோ ஒரு இடத்தில், மிதி அடியில் போய்த் தங்குகிற அந்த நொடியில், முட்டிக்குள் பழைய சுருக்கு எட்டிப் பார்த்தது. லேசாகத்தான். நான் அழுத்துவதை நிறுத்தினேன். தலையைத் தூக்கினால் சம்சாரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பெடலு செத்துக் கெடந்ததும் நெசம். உங்க முட்டி வீங்கியிருக்கதும் நெசம்," என்றாள், தம்பிக்குக் கேட்காத குரலில்.

"பேச்சு மாறக் கூடாது. ஆடினா அவன், ஆடலைன்னா நான்."

"நான் மாறல. நானும் வருவேன்."

வளைகாப்பன்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். மச்சினன் வீட்டில் இருந்துகொண்டான். கீழப்பாவூரில் சம்பந்தி வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன் பாருங்கள், ஒரு முனகல் இல்லை. சம்பந்தியம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்து, "வண்டி வந்ததே தெரியலயே" என்றாள். அதைவிட எனக்கு என்ன மாலை வேண்டும்? வளையல் அடுக்கி, கலந்த சாதங்கள் சாப்பிட்டு, நரசிம்மர் கோயில் பக்கம் கும்பிடு போட்டு, வெயில் தாழ்வதற்குள் புறப்பட்டோம். மகள் பின் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது சலசலக்கும். அந்தச் சத்தம் கூடாமல் ஓட்டவேண்டும் என்று எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன்.

பாவூர்ச்சத்திரம் தாண்டி ஆட்டுமந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. கிளச்சை அழுத்தி அழுத்தி ஊர்ந்தேன். மந்தை விலகினதும் பின்னாலிருந்து சம்சாரம்,

"இங்க பாருங்க, செத்த நிறுத்துங்க. இவளுக்கு மூச்சு முட்டுது," என்றாள்.

பதறிப்போய் ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் மகள் நன்றாகத்தான் இருந்தாள். இறங்கி நின்றேன். வயல் காற்று வாங்கினோம். அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். புறப்பட்டோம்.

கொஞ்ச தூரம் போனதும் ரயில்வே கேட். மூடியிருந்து, திறந்து, மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் மேட்டில் ஏறி இறங்கவேண்டி இருந்தது. இறங்கினதும் மறுபடியும் பின்னாலிருந்து குரல்:

"நிறுத்துங்க. இவளுக்கு இடுப்பு கடுக்குது."

நிறுத்தினேன். இந்தத் தடவை மகள் சிரித்துவிட்டாள்.

"எம்மா, எனக்கு ஒண்ணும் கடுக்கல. எதுக்கு நிறுத்தச் சொல்லுத?"

"சும்மா கெட, ஏட்டி. தலைப்பிள்ளைக்காரிக்கு என்ன தெரியும்? நீங்க இறங்கிக் கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

நான் இறங்கினேன். காரின் பின்பக்கமாகப் போய், அவர்கள் கண்ணில் படாத இடத்தில் நின்று, இடது காலை மடக்கி நீட்டினேன். மேற்கே மலை முழுக்க மேகம். நின்றுகொண்டே இருக்கவும் முடியவில்லை, போய் ஏறவும் மனசில்லை. என்ன பெண்பிள்ளை இவள் என்று தோன்றியது. நாற்பது ஊர்ச் சந்தையில் பேரம் பேசி ஜெயித்தவன் நான். என்னை யாரும் என் கண்ணெதிரிலேயே இப்படி ஓட்டினது கிடையாது. ஸ்டேரிங் என் கையில், வண்டி அவள் வாயில்.

கால் இளகினதும் ஏறினேன். தென்காசி வருவதற்கு முன்னால் மகளுக்குத் தாகம் எடுத்தது, அதாவது அவள் அம்மா சொன்னாள். அந்தத் தடவை மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் என் மகள்தானே, புரிந்துகொண்டிருப்பாள். பேசாமல் தண்ணீரைக் குடித்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டு வாசலில் மச்சினன் நின்றான். அவன் கண் முதலில் அக்காள் மகளைப் பார்த்தது, பிறகு என் காலைப் பார்த்தது. நான் நேராகத்தான் இறங்கினேன்.

"என்ன அத்தான், இம்புட்டு நேரமா? நான் தெருமுக்கு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனேன்."

நான் வாயெடுப்பதற்குள் அவள் மகளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"ரோடு சரியில்லடே. மழையில ஒரே பள்ளம். அத்தான் பைய ஓட்டிட்டு வந்தாக."

அந்த ரோட்டில் ஒரு பள்ளம் கிடையாது. அந்த வருஷம்தான் புதிதாகச் சல்லி போட்டு உருட்டியிருந்தார்கள். நான் துணிக்கூட்டை இழுத்து மூடிவிட்டு, அவளுக்குப் பின்னால் உள்ளே போனேன்.